மலைக்குழந்தை வரையும் மலை

தமிழில் இந்த வகை நூலுக்கு இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். 'படக்கதை' என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு முத்து காமிக்ஸும் இரும்புக்கை மாயாவியும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'சித்திரக்கதை'யும் ஏறத்தாழ அதே பொருளில்தான் வழங்குகிறது. 'குழந்தை நூல்' என்றால் தெனாலிராமன் கதைகள், நீதிக்கதைகள், பக்கத்துக்கொரு மங்கிய கோட்டோவியம். நான் பேச விரும்புவது இவற்றில் எதையும் அல்ல. எழுத்துக்கூட்டத் தெரியாத, அல்லது அப்போதுதான் தெரியத் தொடங்கிய குழந்தைக்காகச் செய்யப்படும் நூல்; பாதிக் கதையைப் படமே சொல்லும் நூல்; படத்தை எடுத்துவிட்டால் எஞ்சும் சொற்கள் தனியே நிற்க முடியாத நூல். வேறு நல்ல பெயர் கிடைக்கும்வரை 'படப்புத்தகம்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழுநாள் முகாம்களுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு ஏற்காடு வட்டம் வாழவந்தி ஊராட்சிப் பகுதிக்கு இருமுறை சென்று தங்கியிருக்கிறேன். மாலை நேரங்களில் ஊர்க் குழந்தைகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். என் மாணவிகள் அவர்களுக்குத் தாளும் வண்ணமெழுகும் கொடுத்து, 'உங்க ஊரை வரைங்க' என்றார்கள். வந்த படங்களில் பெரும்பாலானவற்றை, பார்க்காமலேயே நீங்கள் சொல்லிவிட முடியும். இரண்டு முக்கோணங்கள். நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து கீழே இறங்கிவரும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை, வானத்தில் நான்கைந்து 'வி' எழுத்துகள் பறவைகளாக.

சென்னைக் குழந்தையும் இதைத்தான் வரைகிறது, தஞ்சாவூர்க் குழந்தையும் இதைத்தான் வரைகிறது. ஆனால் இவர்கள் அந்த மலைமேல் பிறந்தவர்கள். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தென்னையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலை முக்கோணமாகத் தெரிவது அடிவாரத்தில் நிற்பவனுக்கு, சேலத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு. மேலே இருப்பவளுக்கு மலை என்பது சரிவு. வீட்டு வாசலிலிருந்து ஒருபக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் ஒற்றையடிப்பாதை. காப்பிச் செடிகளுக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் படர்ந்த மிளகுக்கொடி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. அக்குழந்தை இவற்றையெல்லாம் நாள்தோறும் பார்க்கிறாள். வரையச் சொன்னால் மட்டும் அவை வருவதில்லை. ஏனென்றால் காகிதத்தில் வருவதற்குத் தகுதியான மலை எது என்பதை யாரோ அவளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

அந்த 'யாரோ' எவர் என்று தேடிப் போனால் ஒரு தனி மனிதரோ ஒரு பாடநூலோ குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. நம் அரிச்சுவடி மரபே அப்படி. 'ஒ'வுக்கு ஒட்டகமும் 'ஓ'வுக்கு ஓடமும் வைத்த தலைமுறைகள் நாம். ஒட்டகத்தின்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பார்த்திராத விலங்கைப் படத்தில் பார்ப்பதைப் போன்ற மகிழ்ச்சி குழந்தைக்கு வேறில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒட்டகம் இருக்கும் அந்தப் பன்னிரண்டு கட்டங்களில் மலைக்குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒன்றாவது இருக்க வேண்டும் என்று எவரும் யோசிப்பதில்லை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட ஓரங்களில் காட்டெருமை வந்து நிற்கிறது. அந்தக் கறுத்த உடலையும் வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்களையும் பார்த்துப் பயந்தும் வியந்தும் வளர்கிற குழந்தைக்கு, புத்தகத்தில் 'எ' என்றால் எலிதான்.

பெயர் தொடர்பான ஒரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள். கேரளத்தவர் அல்லர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே, மூன்றரை இலட்சத்தை ஒட்டி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது மலை என்று பரவியிருக்கிறார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொள்ளும் தோற்றக் கதை. ஆனால் சமவெளியில் 'மலையாளி' என்ற சொல்லைக் கேட்டதும் எழும் படம் கசவுப் புடவையும் ஓணப் பூக்கோலமும்தான். என் வகுப்பில் பயின்ற ஏற்காட்டு மாணவி ஒருத்தி மூன்றாண்டுக் காலத்தில் விடுதியிலும் அலுவலகத்திலும் 'நீ கேரளாவா?' என்ற கேள்விக்கு எத்தனை முறை விடை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. பதினெட்டு வயதில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். நான்கு வயதில், தன் பெயருக்கு நேராக வேறொருவர் படம் இருப்பதைப் பார்க்கும் குழந்தைக்குச் சொல்வதற்குச் சொற்கள் இல்லை. தன்னை அறிதல் என்று நாம் பெரிய தத்துவச் சொல்லாகப் புழங்குவது அந்த வயதில் இத்தனை எளிய இடத்தில்தான் தொடங்குகிறது: இது என் ஊர், இது என் பாட்டி, இது நான்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு வியப்பு உண்டு. குழந்தையின் வளர்ச்சியை நம்மளவுக்கு நுணுகிப் பார்த்த இலக்கியம் அரிது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலையசைப்பது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து வருவது வருகை. குழந்தை மருத்துவர்கள் இன்று சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையை நம் புலவர்கள் விருத்தத்தில் பாடிவைத்தார்கள். ஆனால் பாட்டுடைத் தலைவனாக, தெய்வமாக, அரசனாகத்தான் குழந்தை அங்கே இருக்கிறது. அதற்குப் படிக்கக் கொடுத்ததோ நீதி நூல். குழந்தையைப் பற்றிப் பாடினோம், குழந்தைக்கு அறிவுரை சொன்னோம். குழந்தையோடு சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது என்பது நம் எழுத்து மரபில் குறைவு. விதிவிலக்காக எனக்குத் தோன்றுவது அம்புலிப் பருவம் ஒன்றுதான். தாய் நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைத் தொடர்ந்து வானத்தைப் பார்க்கிறது. இருவரும் ஒன்றையே பார்க்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுகிறார்கள். படப்புத்தகம் வாசிப்பது என்பது இதைத்தான் மடியில் வைத்துச் செய்வது.

கொமேனியஸ் என்ற செக் நாட்டுக் கல்வியாளர் 1658இல் நூரம்பர்க் நகரில் வெளியிட்ட நூலைத்தான் குழந்தைகளுக்கான முதல் படநூல்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். 150 படங்கள், கடவுள், உலகம், நெருப்பு, காற்று என்று தொடங்கித் தச்சர், கொல்லர், சமையலறை வரை. படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, இலத்தீனிலும் ஜெர்மனிலும் பெயர் தந்திருந்தார். உலகம் முழுவதையும் ஒரு புத்தகத்துக்குள் குழந்தையின் கண்முன் வைக்கலாம் என்ற அந்த நம்பிக்கை பெரியது. ஆனால் அந்தத் தச்சர் நூரம்பர்க் தச்சர்தான்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எண்பதுகளின் இறுதியில் நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வாங்கிய சோவியத் குழந்தை நூல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வழவழப்பான தாள், பக்கம் முழுக்க வண்ணம், பிர்ச் மரங்கள், பனிமூடிய கூரைகள், மேசைமேல் சமோவார். கண்முன் நிற்கும் சேர்வராயன் மலையின் ஒரு மரத்துக்கும் எனக்குப் பெயர் தெரியாது; பிர்ச் மரத்தின் வெள்ளைப் பட்டை தெரியும். அந்த நூல்கள் தந்த மகிழ்ச்சியை எதற்காகவும் விட்டுத்தரமாட்டேன். 1991இல் சோவியத் நாடு உடைந்தபோது உலக அரசியலில் என்னென்னவோ ஆயிற்று. எங்கள் ஊரில் மலிவான வண்ணப் படப்புத்தகம் நின்றுபோயிற்று.

ஆகவே, உள்ளூரைப் பற்றிய நூல் மட்டும் போதும், அயல்நாட்டு நூல் அந்நியப்படுத்தும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எரிக் கார்லின் பசித்த கம்பளிப்புழு 1969இலிருந்து உலகெங்கும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. திங்கட்கிழமை ஓர் ஆப்பிள் என்று தொடங்கி வெள்ளிக்கிழமை ஐந்து ஆரஞ்சுப் பழங்களைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தாளிலேயே ஓட்டை, குழந்தை விரலை விட்டுப் பார்க்கும். ஏற்காட்டுக் குழந்தைக்கு ஆரஞ்சு தெரியும், பேரிக்காய் தெரியும், கம்பளிப்புழு மிக நன்றாகத் தெரியும். அந்தப் புழு அமெரிக்கப் புழு என்று அவள் ஒதுக்கப்போவதில்லை. தனக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குக் குழந்தை தானே பாலம் கட்டிக்கொள்ளும். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கக் கரை வேண்டும் அல்லவா? அதைத்தான் நாம் கொடுக்கவில்லை என்கிறேன்.

இந்தக் கரையைப் பற்றி அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கணக்கெடுத்தார். நான்சி லாரிக் என்ற கல்வியாளர் 1965இல் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரை அது. 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,000க்கும் மேற்பட்ட குழந்தை நூல்களைப் பார்த்ததில், கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 6.7 விழுக்காடு. அதே காலத்தில், 1962இல், எஸ்ரா ஜாக் கீட்ஸ் ஒரு படப்புத்தகம் செய்தார். பனி பெய்த காலையில் சிவப்பு உடை அணிந்த பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் வெளியே போகிறான், காலடித் தடம் பதிக்கிறான், ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துவருகிறான், அது கரைந்துபோகிறது. அவ்வளவுதான் கதை. நிறவெறி பற்றி ஒரு சொல் இல்லை, அறிவுரை இல்லை. ஒரு கறுப்புக் குழந்தை எல்லாக் குழந்தைகளையும்போல விளையாடுகிறது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மிக உயர்ந்த படநூல் பரிசான கால்டகாட் அதற்குக் கிடைத்தது. (இதைத் தமிழாக்குபவர் முதல் வரியிலேயே திண்டாடுவார். பனி என்றால் நமக்குப் புல்நுனித் துளியும் உண்டு, மார்கழி மூட்டமும் உண்டு. கால் புதையும் பனி இல்லை. ஏற்காட்டுக் குழந்தைக்குப் 'பனி' என்றால் எதிரில் வருபவரை மறைப்பது.)

பிறகு 1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், குழந்தைக்கு நூல் கண்ணாடியாகவும் சாளரமாகவும் இருக்க வேண்டும், உள்ளே நுழையும் கதவாகவும் இருக்கலாம் என்று எழுதினார். அவர் உருவகம் இன்று கல்வியியல் கருத்தரங்குகளில் தேய்ந்த நாணயமாகிவிட்டது. ஆனாலும் பொருள் தேயவில்லை. தமிழில் லாரிக் செய்ததைப்போல எண்ணிப்பார்க்கும் பணியை யாரேனும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். குறுந்தொகை உவமைகளைப் பற்றி இன்னோர் ஆய்வேடு வராவிட்டால் குறுந்தொகைக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் மலிவு விலையில் நல்ல ஓவியர்களைக் குழந்தைகளிடம் கொண்டுவந்தன. சென்னையில் 1994இல் தாரா புக்ஸ், 1996இல் தூலிகா, பெங்களூரில் 2004இல் பிரதம் புக்ஸ் என்று வந்தபிறகு படப்புத்தகம் என்ற வடிவமே இங்கே தன்னுணர்வோடு வளர்ந்தது. பிரதம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகங்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அந்த நான்கு பெயர்களை வைத்தவரை நேரில் பார்த்தால் கைகொடுப்பேன்.

இத்தனைக்கும் நடுவில் மலைக்குழந்தை ஏன் இல்லாமல் போகிறாள்? அச்சுத் தொழில் அறிந்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஒரு காரணம் எனக்கு விளங்கியது. வண்ண அச்சு செலவு மிக்கது. ஒரு மொழியில் ஆயிரம் படி அடித்தால் விலை கட்டாது. எனவே பல மொழிப் பதிப்புகளைச் சேர்த்து அடிக்கிறார்கள். படங்களுக்கான வண்ணத் தகடுகள் எல்லா மொழிக்கும் ஒன்றே. எழுத்துள்ள கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுகிறார்கள். சிக்கனமான, அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். ஒரே படம் குஜராத்திலும் வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் பொருந்தவேண்டும். கடைப்பலகையில் எழுத்து இருக்கக்கூடாது. புடவைக்கட்டு பொதுவாக இருக்கவேண்டும். மரம் ஏதோ ஒரு மரமாக இருக்கவேண்டும். மலை? முக்கோணம்தான் எங்கும் செல்லுபடியாகும். யாருடைய தீய எண்ணமும் இல்லாமலேயே, கணக்குப்புத்தகத்தின் வழியாக, குறிப்பிட்ட ஊர் ஒன்று படத்திலிருந்து வெளியேறிவிடுகிறது.

பழங்குடிக் குழந்தை வரும் நூல்கள் இல்லாமலில்லை. ஸாய் விட்டேகர் ஆங்கிலத்தில் எழுதித் தூலிகா வெளியிட்ட கதை ஒன்றில் நாயகன் காளி என்ற இருளர் சிறுவன். அப்பா பாம்பு பிடிப்பதில் வல்லவர். பள்ளியில் காளி தனித்திருக்கிறான். அவன் கொண்டுவரும் வறுத்த ஈசலைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்றிலிருந்து அவன்தான் வகுப்பின் வீரன். இருளர்களோடு நெடுங்காலம் பழகியவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவான வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்தக் கதையின் பெருமிதம் இன்னும் நன்றாக விளங்கும். எனக்குப் பிடித்த நூல். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாம்பு வந்திராவிட்டால் காளியின் கதி என்ன? ஈசல் தின்னும் பையனாக மூலையிலேயே உட்கார்ந்திருப்பானா? பீட்டர் எந்த வீரச்செயலும் செய்யாமல் பனியில் விளையாடுகிறான். பழங்குடிக் குழந்தை மட்டும் ஏதாவது அரிய திறமையைக் காட்டித் தன் இடத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. நல்லெண்ணம் கொண்ட பல கதைகளில் இது நிகழ்கிறது. நல்லெண்ணம் இல்லாதவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிபோல இலையாடை, இறகுக் கிரீடம், கையில் வேல். வாழவந்தியில் நான் பார்த்த தாத்தாக்கள் லுங்கியும் சட்டையும் அணிந்து, பனிக்குத் தலையில் மப்ளர் சுற்றியிருந்தார்கள்.

அப்படியானால் எப்படிப்பட்ட நூலை விரும்புகிறேன்? கையில் எடுத்துக்காட்ட ஒரு நூல் உண்டு, அதுவும் சென்னையிலிருந்து வந்தது. பஜ்ஜு ஷ்யாம், மத்தியப் பிரதேசத்துப் பட்டான்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைவதற்காக 2002இல் அழைத்துச் செல்லப்பட்டார். இரண்டு மாதம் தங்கினார். ஊர் திரும்பியபின் தாம் கண்டதை வரைந்தார். 2004இல் தாரா அதை 'லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. அதில் விமானம் என்பது சிறகு முளைத்த யானை. அவ்வளவு எடையுள்ள ஒன்று பறப்பதை வேறெப்படிச் சொல்வது? சுரங்க ரயில் மண்ணுக்குள் ஊரும் மண்புழு. நகரின் பெரிய கடிகாரக் கோபுரம் சேவலோடு ஒன்றாகிவிட்டது, கோண்டு ஊரில் பொழுதைச் சொல்வது சேவல்தானே. தவறாமல் வந்து நிற்கும் பேருந்து நன்றியுள்ள நாய். மாலையானால் மதுக்கூடத்தை நோக்கிக் கிளம்பும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள்! கிப்ளிங் நம் காட்டைப் பற்றி எழுதினார். இவர் அவர்கள் காட்டைப் போய்ப் பார்த்து வரைந்துவிட்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இது சிறு குழந்தைக்கான நூல் என்று கறாராகச் சொல்ல முடியாது. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இதில் இருக்கிறது. கண்ணாடியா சாளரமா என்ற வழக்கை இந்த நூல் கலைத்துவிடுகிறது. பஜ்ஜு ஷ்யாம் தன் ஊரை வரையவில்லை, லண்டனைத்தான் வரைந்தார். ஆனாலும் பக்கம்தோறும் தெரிவது பட்டான்கர். மலைக்குழந்தைக்கு மலையை மட்டும் காட்டவேண்டும் என்பதில்லை. மலையிலிருந்து தெரியும் உலகத்தைக் காட்டவேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சுவாங்க ஏறிவரும் பேருந்து, வார இறுதியில் படகுத்துறையை நிறைக்கும் சுற்றுலாக்காரர்கள், கோடைமழைக்குப் பிறகு ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துவிடும் காப்பித் தோட்டம், மே மாதத்தில் சேர்வராயன் கோயில் குகைக்கு முன்னால் கூடும் கூட்டம். இவையெல்லாம் ஒரு வாழவந்திக் குழந்தையின் கண்ணுக்கு எவையாகத் தெரிகின்றன என்று நான் ஊகித்துச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானும் அடிவாரத்தில் நின்று இன்னொரு முக்கோணம் வரைந்தவனாவேன். அதைக் குழந்தைகளும் பாட்டிகளும்தான் சொல்லவேண்டும். கோண்டு ஓவியம்போன்ற புகழ்பெற்ற மரபு ஒன்று இருந்தால்தான் ஆயிற்று என்பதுமில்லை. சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு வரையும் பொறுமையுள்ள ஓவியர் ஒருவர் ஓராண்டு அங்கே போய்வந்தால் போதும். இருநூறு படி, பதினாறு பக்கம். இன்றைய டிஜிட்டல் அச்சில் ஓர் ஊராட்சிக்கு முடியாத செலவன்று. கறுப்புத் தகட்டின் சிக்கலும் இதில் இல்லை, குஜராத்துக்குப் போகவேண்டிய நூல் அல்லவே.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மொழிபெயர்ப்பாக வரும் படப்புத்தகங்கள் பலவற்றில் யானைக்குட்டி 'மிகுந்த மகிழ்ச்சியுடன்' ஓடுகிறது, 'ஆச்சரியத்தில் ஆழ்ந்துபோகிறது'. நான்கு வயதுக் குழந்தையிடம் எந்தத் தாயும் இப்படிப் பேசுவதில்லை. பேச்சுத்தமிழில் எழுதினால் குழந்தைக்குப் பிழை ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் ஆசிரியர்களிடம் உண்டு. கி. ராஜநாராயணனின் கரிசல் தமிழைக் கொண்டாடியவர்கள் நாம். வட்டார வழக்கு இலக்கியமாகும் என்று மேடைதோறும் முழங்கியவர்கள். பெரியவர்களுக்கு உகந்த வழக்கு குழந்தைக்கு மட்டும் ஏன் ஆகாது? கதை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். பாட்டி பேசும்போது பாட்டியின் தமிழ் வரட்டும். அல்லது சொல்லே இல்லாத நூல்களைச் செய்யலாம். எழுத்தறியாத பாட்டி கையில் அது முழுநூலாகிவிடும். அச்சடித்த புத்தகத்தை வைத்துப் பேரக்குழந்தைக்குக் கதை சொல்ல முடியும் என்பதே அந்தப் பாட்டிக்குப் பல ஆண்டுகளாக மறுக்கப்பட்ட உரிமை.

வாசிக்கும் முறையும் மாறவேண்டும். நம் வகுப்பறைகளில் படம் என்றால் தேர்வு. 'இது என்ன?' 'ஆப்பிள்.' 'இது?' 'பந்து.' முடிந்தது. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியோரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வாசிக்கும் பெற்றோரிடம் ஒரு சிறு மாற்றத்தைத்தான் கேட்டார்கள். ஒற்றைச்சொல் விடை தரும் கேள்விகளைக் குறைத்து, குழந்தையைக் கதைசொல்ல விடுங்கள். அது சொன்னதை நீட்டித்துத் திருப்பிச் சொல்லுங்கள். நான்கே வாரங்களில் அக்குழந்தைகளின் பேச்சில் அளந்து சொல்லத்தக்க முன்னேற்றம். 'என்ன நடக்குது இங்க?' என்று கேட்பதற்குப் பயிற்சிப் பட்டறை தேவையில்லை. நேரம் வேண்டும், அதைவிடக் குழந்தை தவறாகச் சொன்னாலும் குறுக்கிடாத வாய் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் புத்தகம் குழந்தையின் கைக்கு வரவேண்டும். மலையில் ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) பீரோவைத் திறந்து காட்டினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட படப்புத்தகங்கள், நல்ல நூல்கள், சில நான் விலைகொடுத்து வாங்கத் தயங்கிய நூல்கள். ஒன்றில்கூட மூலை மடங்கவில்லை, ஒரு பிசுக்கு இல்லை. ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டதற்கு ஆசிரியர் இருப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். அதில் புத்தகம் நாற்காலியோடும் கரும்பலகையோடும் ஒரே பட்டியலில் இருக்கிறது. தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்ப்பார். "கிழிஞ்சுபோனா யாருங்க பதில் சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. சிறுகுழந்தை கையில் படப்புத்தகம் சுண்ணக்கட்டியைப்போலத் தேயும் பொருள், ஓரிரு ஆண்டில் கிழிந்துதான் தீரும், கிழிந்ததைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று கல்வித்துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினால் அந்த ஆசிரியர் மறுநாளே பீரோவைத் திறந்துவிடுவார்.